தோழிக்குக் கேட்ட மாத்திரை

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 67. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பாலக்கோட்டில் சொந்த வீடு. கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. மகள் ஓசூரில், மகன் பெங்களூரில். நான் தனியாகத்தான் இருக்கிறேன். ஒன்றாக ஆசிரியர் பயிற்சி படித்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து கொரோனா சமயத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். தருமபுரி, அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று ஆளுக்கொரு ஊர். முதலில் வாசல் கோலம், பேரன் பேத்தி, பென்ஷன், இன்றைக்கு என்ன குழம்பு என்று ஓடியது. இப்போது முக்கால்வாசி நோய்ப் பேச்சுதான். எனக்கு பிரஷரும் சுகரும் உண்டு. மூட்டு வலிக்குத் தனக்குக் கேட்ட மாத்திரை என்று ஒரு தோழி அட்டையைப் படம் எடுத்துப் போட்டாள். மெடிக்கலில் வாங்கி ஒரு மாதமாகக் காலையும் இரவும் போடுகிறேன். வலி குறைந்தது, ஆனால் சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்கிவிடுகிறது. அடுத்து, யாருக்கு என்ன நோய் என்று படித்தாலும் அது எனக்கும் இருப்பது போலவே தோன்றுகிறது. ராத்திரி படபடப்பு வருகிறது. ஊத்தங்கரைத் தோழி ஒருத்தி, பல வருட சுகர்காரி, ஒரு வாரமாகச் சரியாக எழுதுவதில்லை. முந்தாநாள், “ஒரே அசதி, வேர்த்து ஊத்துது, சோறு எறங்கல” என்று போட்டாள். நாங்கள் எல்லாரும் கும்பிடும் கை படம் போட்டோம். என் மகனோ, “அந்தக் குரூப்ல இருந்து வெளிய வந்துடும்மா, உனக்கு அதுதான் வியாதியே” என்கிறான். வந்துவிடலாமா? மற்றபடி, குனிந்தால் முதுகு பலகை மாதிரி இருக்கிறது, மேலே அலமாரியைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியை, பாலக்கோடு

பதில்: வணக்கம் டீச்சர். நீங்கள் உங்கள் காலில் ஆரம்பித்தீர்கள். நான் ஊத்தங்கரைத் தோழியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கடிதத்தைப் படித்தவுடனே உங்களைத் தொலைபேசியில் அழைத்ததும் அதற்காகத்தான். அன்று சொன்னதை மற்ற வாசகர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே மறுபடியும் எழுதுகிறேன்.

பல வருடமாக சுகருக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் அசதி, வேர்வை, சோறு இறங்கவில்லை என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒரு மருத்துவருக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, சாப்பாடு குறைந்தும் மாத்திரை குறையாததால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கலாம். மற்றொன்று, நெஞ்சு வலியே இல்லாமல் வரும் மாரடைப்பு. நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. வேர்வை, மூச்சு வாங்குதல், வாந்தி வருவது போன்ற உணர்வு, தாடையிலோ முதுகிலோ ஒரு இறுக்கம், காரணம் புரியாத அசதி என்று வரும். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் அது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயம் இல்லை.

நீங்கள் உடனே அவரைக் கூப்பிட்டீர்கள். வயிறு சரியில்லை என்று நாலு நாளாகப் பாதி இட்லி, கொஞ்சம் மோர் என்று காலம் தள்ளிக்கொண்டு, கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம் போல் போட்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டரில் 54. விரல் நுனி சில்லிட்டுப் போய் ரத்தமே சரியாக வரவில்லை, இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது என்றீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலந்து குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரம் கழித்து 88. பிறகு கஞ்சி. அதற்கு மேல் நீங்கள் விடாமல் வற்புறுத்தி ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, ராத்திரி அங்கேயே தங்க வைத்தீர்கள் பாருங்கள், அதற்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். முக்கால்வாசிப் பேர் 88 என்றதும் ‘சரியாயிடுச்சு’ என்று படுத்துவிடுவார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் பல மணி நேரம் வேலை செய்பவை. வயதாகி கிட்னியின் வேகம் குறைந்தவர்களிடம் இன்னும் நேரம் பிடிக்கும். ஏற்றிய சர்க்கரை தூக்கத்திலேயே மறுபடி இறங்கலாம். ஈ.சி.ஜி.யும் எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டதால் இப்போது நிம்மதி.

சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் தாழ்வு. கை நடுக்கம், வேர்வை, பசி, எரிச்சல், பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் வரும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறாது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆள் நினைவு தப்பியோ அரைத் தூக்கத்திலோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதே தொடரில் இன்னொன்று. காலையில் எழுந்ததும் ‘எனக்கு 110, உனக்கு எவ்வளவு?’ என்று உங்கள் குழுவில் எண்ணைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். 160 வந்தவள் மறுநாள் 110 காட்ட வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விடுவாள், மாத்திரையை விடமாட்டாள். வயதானவர்களுக்கு இளம் வயதினருக்கான கண்டிப்பான இலக்கு தேவையில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில், திடமாக நடமாடும் 65 வயதுக்காரருக்கு 7 முதல் 7.5 வரை போதும். பல நோய்களோடு தளர்ந்துபோனவர்களுக்கு 8 வரைகூட நாங்கள் விட்டுக்கொடுப்போம். அவர்களுக்குச் சுகர் கொஞ்சம் ஏறி இருப்பதைவிட ஒரு தடவை தாழ்ந்து, பாத்ரூமில் விழுந்து, இடுப்பெலும்பு உடைவதுதான் பெரிய ஆபத்து. அதே போல ‘களி தின்னா சுகர் ஏறாது’ என்ற பேச்சும் நம் பக்கத்தில் உண்டு. கேழ்வரகு நல்ல தானியம்தான், அதைப் பற்றிக் கீழேயும் சொல்கிறேன். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். காட்டில் ஏர் ஓட்டிய காலத்து அளவில் ஒரு உருண்டையை இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். பாதி உருண்டை, நிறைய கீரைக் குழம்பு.

இப்போது உங்கள் கால்.

நீங்கள் அனுப்பிய இரண்டு அட்டைகளின் படத்தையும் பார்த்தேன். பிரஷருக்கு நீங்கள் சாப்பிடுவது டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை. இதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்பது சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றும் நீர் மாத்திரை. தோழி சொன்ன மூட்டு வலி மாத்திரையில் இருப்பது அசெக்ளோஃபெனாக். இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேரக் கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்கே தனியாகச் சொல்லிக்கொடுப்போம். நம் ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வரும் மடையை வலி மாத்திரை பாதி அடைக்கிறது. வெளியேறும் மடையை பிரஷர் மாத்திரை அகலமாகத் திறக்கிறது. ஏரியில் இருக்கும் தண்ணீரையே நீர் மாத்திரை குறைக்கிறது. வயல் காயாமல் என்ன செய்யும்? கிட்னியின் வடிகட்டியில் நடப்பது இதுதான். தனித்தனியாக நல்ல மருந்துகள், சேரும்போது கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டம் விழுந்துவிடுகிறது. உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கி கால் வீங்குகிறது, பிரஷர் மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகிறது, கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினும், பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறுகின்றன. பொட்டாசியம் ஏறுவது இதயத்துடிப்பையே குழப்பும். உங்கள் ராத்திரிப் படபடப்பை வெறும் பயம் என்று நான் ஒதுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்த மாத்திரை நிஜமாகவே கேட்டது. அவருக்கு பிரஷர் இல்லை, நீர் மாத்திரை இல்லை, ஐந்து நாள் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார். நீங்கள் ஒரு மாதம் போட்டிருக்கிறீர்கள். அட்டையின் படத்தில் மருந்தின் பெயர்தான் தெரியும். யாருடைய கிட்னிக்கு, எத்தனை நாளைக்கு, வேறு எந்த மாத்திரையோடு என்பது தெரியாது.

வலி மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக் காலையிலேயே கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ஒரு ஈ.சி.ஜி. இந்த நான்கையும் பார்த்து, முடிவுகளோடு உங்களுக்கு பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போங்கள். அதற்குள் சிறுநீர் குறைந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் அதிகமாக வீங்கி வலித்தாலோ காத்திருக்க வேண்டாம், நேராக தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வலி தாங்கவில்லை என்றால் இப்போதைக்குச் சாதாரண பாராசிட்டமால், ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமுக்கு மேல் போகாமல். அரைக்கும் பொடி, உருட்டும் மருந்து என்று பெயர் தெரியாத எதையும் யாராவது தந்தால் வாங்காதீர்கள். ஒரே வாரத்தில் மூட்டு வலி பறந்துவிடும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. முகம் உப்பும், சுகர் எகிறும், திடீரென்று நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடுவார்.

ஆனால் டீச்சர், உங்கள் மூட்டு வலியை வயசுக் கோளாறு என்று மட்டும் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ‘குனிந்தால் முதுகு பலகை மாதிரி இருக்கிறது, மேலே அலமாரியைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க முடியவில்லை’ என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் என் கண் நின்றது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது கணக்கு. நம் பக்கத்துக் கிணறும் போரும் பல ஊர்களில் அதைத் தாண்டியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் வரும் பாதிப்பைக் குறைப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் உங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் ஐம்பது வயதைத் தாண்டும் வரை பழைய தண்ணீரைத்தான் குடித்திருக்கிறீர்கள். சிறு வயதில் அது பல்லில் பழுப்புக் கறையாகத் தெரியும். நீண்ட காலம் குடித்தால் எலும்பில் படியும். மூட்டையும் முதுகுத்தண்டையும் கழுத்தையும் இறுக்கும். மூட்டுத் தேய்மானம் போலவே தோன்றுவதால் வருடக்கணக்கில் வலி மாத்திரையிலேயே காலம் ஓடிவிடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எந்த ஊரில் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வந்த இளம் மருத்துவருக்கு இது தோன்றாமல் போகலாம். முழங்கால் எக்ஸ்-ரேயோடு முன்கையையும் இடுப்பையும் ஒரு எக்ஸ்-ரே எடுத்தால் தடயம் தெரிந்துவிடும். எலும்பில் படிந்ததைக் கரைக்க மருந்து இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேலும் சேராமல் தடுக்க முடியும். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் என்ன குடிக்கிறீர்கள் என்று யோசியுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே என்பார்கள் பலர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சமையலுக்கும் நல்ல தண்ணீரையே வையுங்கள். பால் இல்லாத கட்டஞ்சாயாவில் ஃபுளோரைடு அதிகம், அதைக் குறையுங்கள். கால்சியமும் வைட்டமின் சி-யும் உள்ள சாப்பாடு உதவும். மேலே சொன்ன கேழ்வரகு இங்கேதான் கைகொடுக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வைத்திருக்கும் தானியம் வேறு எது? அதோடு தயிர், முருங்கைக்கீரை, ஒரு நெல்லிக்காய். கிரியேட்டினின், பொட்டாசியம் முடிவு வந்த பிறகு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டாசியம் ஏறியிருந்தால் கீரையைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் குழுவில் நீங்கள் பேச வேண்டிய மூட்டு வலிப் பேச்சு இதுதான். ஒரே காலத்தில், ஒரே பகுதியில், ஒரே மாதிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். யாருக்குப் பல்லில் கறை, யாருக்குக் கழுத்து திரும்பவில்லை, யார் வீட்டில் இன்னும் போர் தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள்.

முழங்காலுக்கு மருந்தைவிடத் தொடைத் தசை முக்கியம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, பத்து எண்ணும் வரை அப்படியே வைத்து இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். கைத்தடி பிடிப்பதாக இருந்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். வீட்டில் கீழே உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால், மகனிடம் வேறெதுவும் கேட்காமல் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, படித்ததெல்லாம் தனக்கும் இருப்பது போலத் தோன்றுவது. இது நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் தனி வீட்டில் படுத்துக்கொண்டு ‘அவளுக்கு வால்வு அடைப்பாம்’ என்று படித்தால் யாருக்கும் தன் இதயத் துடிப்பு காதில் கேட்கத்தான் செய்யும். கேட்டதும் பயம், பயந்ததும் துடிப்பு வேகம், அதைக் கண்டு இன்னும் பயம். ஈ.சி.ஜி., பொட்டாசியம் இரண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதோடு தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பாருங்கள். நான்கும் சரியாக இருந்தால் படபடப்புக்கு வேறு வழி செய்யலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் குழுவில் நோய் பற்றி யாரும் எழுத வேண்டாம், அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று ஒரு பழக்கம் வையுங்கள். பிரஷர் கருவியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கட்டாதீர்கள். காலையில் ஐந்து நிமிடம் அமைதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு தடவை. கணவர் போன பிறகு தூக்கம், பசி, யாரையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை இவை எப்படி இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதையும் ஒரு நோயாகவே மதித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி உங்கள் மகனின் கேள்வி. குழுவை விட்டு வெளியே வராதீர்கள்.

காரணம் சொல்கிறேன். என் முன்னால் ஒரு நோயாளி ஐந்து நிமிடம் உட்காருகிறார். அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எதற்குச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தினமும் ஆறரைக்குக் கோலம் போட்டுப் படம் அனுப்புகிறவள் மூன்று நாளாக அனுப்பவில்லை என்பது எங்கள் எந்தக் கருவியிலும் விழாத செய்தி. வரிசையாகக் கதை எழுதுகிறவள் திடீரென்று வெறும் கட்டைவிரலை மட்டும் போடுகிறாள். எழுத்துப் பிழையே செய்யாத தமிழாசிரியை வரிக்கு வரி பிழை விடுகிறாள். நேற்றுக் கேட்ட கேள்வியையே இன்றும் மூன்று தடவை கேட்கிறாள். காய்ச்சல், சுகர் தாழ்வு, மறதி நோயின் ஆரம்பம், மனச்சோர்வு, சின்னப் பக்கவாதம் எல்லாம் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். தனியாக இருக்கும் வயதானவர்களைப் பொறுத்தவரை அதை முதலில் கவனிக்கக் கூடியவர்கள் உங்களைப் போன்ற தோழிகள்தான். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுகிறார்கள்.

குறிப்பாகக் குரல் பதிவு. பக்கவாதத்தில் முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமானால் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவமனையில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?’ என்பதுதான். தனியாக இருப்பவருக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. ‘காலையில பார்த்தப்ப விழுந்து கிடந்தாங்க’ என்பார்கள். நேரம் தெரியாததாலேயே அந்த ஊசியைப் போட முடியாமல் போவது உண்டு. உங்கள் குழுவிலோ ஒவ்வொரு செய்திக்கும் கீழே நேரம் இருக்கிறது. 7.10-க்குத் தெளிவாகப் பேசியிருக்கிறாள், 8.25-க்கு நாக்கு குழறுகிறது என்று காட்டினால் அதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு வேண்டாம். பென்னாகரம் பக்கத்து மலையடிவாரக் கிராமத்திலிருந்து தருமபுரி வந்து சேரவே நேரமாகும் என்பதை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான். ‘கை கொஞ்சம் மரத்துப் போச்சு, படுத்து எழுந்தா சரியாயிடும்’ என்று ஒருத்தி எழுதினால் படுக்க விடாதீர்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அடுத்து வரப்போகும் பெரிய பக்கவாதத்துக்கான அறிகுறியாக அது இருக்கலாம்.

இங்கே இரண்டு பார்வேர்டு செய்திகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் குழுவிலும் வந்திருக்கும். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் வேகமாக இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒன்று. பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இருமுவதால் அடைத்த ரத்தக்குழாய் திறக்காது, விரலில் குத்துவதால் மூளையில் உள்ள ரத்தக்கட்டி கரையாது. நம்பிச் செய்கிற நேரத்தில் 108 வண்டி பாதித் தூரம் வந்திருக்கும். ‘சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வை’ என்று இதய வலி மாத்திரையைச் சொல்வதும் எல்லாருக்கும் பொருந்தாது. பிரஷர் தாழ்ந்திருப்பவரை அது மயக்கத்தில் தள்ளும். உங்களுக்கென்று மருத்துவர் எழுதித் தந்திருந்தால் மட்டும்.

ஆகவே பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள் டீச்சர். உடம்புக்கு என்ன செய்கிறது என்பதைத் தாராளமாக எழுதட்டும், மாத்திரைப் பெயரை எழுத வேண்டாம். யாராவது உடம்பு முடியவில்லை என்று போட்டால் கும்பிடும் கை போதாது, பக்கத்து ஊரில் இருப்பவர் கூப்பிட வேண்டும். அரூர்க்காரிக்கு ஊத்தங்கரைக்காரி, பென்னாகரத்துக்குத் தருமபுரி என்று இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு, என்ன நோய், என்ன மாத்திரை, எது ஒவ்வாது, பிள்ளைகளின் எண், பக்கத்து வீட்டு எண், மாற்றுச் சாவி யாரிடம் என்று ஒரு தாளில் எழுதிப் பரிமாறிக்கொள்ளுங்கள். இதைக் குழுவில் பொதுவாகப் போட வேண்டாம்; அந்த இரண்டு பேருக்குள் இருந்தால் போதும்.

பெண்கள் மட்டுமே இருக்கும் குழு என்பதால் இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். மூட்டு வலியைப் பேசுகிறீர்கள், சுகரைப் பேசுகிறீர்கள். தும்மினால் சிறுநீர் கசிவதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். தீட்டு நின்று பல வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டதையும், மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதையும் மகளிடம்கூடச் சொல்லாமல் ‘இந்த வயசுல போய் இதைக் காட்டவா’ என்று வைத்திருப்பவர்கள் என்னிடம் மிகத் தாமதமாக வருகிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். கசிவுக்கு எளிய தசைப் பயிற்சி இருக்கிறது, பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியதில்லை. நீங்கள் தலைமையாசிரியையாக இருந்தவர், உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கும். ஒரு நாள் காலையில், கோலத்துக்கு அடுத்தபடியாக, நீங்களே இதை முதலில் எழுதுங்கள். நான்கு பேராவது உங்களைத் தனியாகக் கூப்பிடுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அரசு மருத்துவமனைப் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகனுக்கு இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். அவர் கவலையில்தான் சொல்கிறார். குழுவை விடச் சொல்வதற்குப் பதிலாக, நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு தடவை படம் எடுத்து, பெயர், அளவு, வேளை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு உங்கள் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். புதிதாக எதை வாங்கினாலும் அந்தத் தாளை மெடிக்கலில் காட்டி, ‘இதோட சேருமா?’ என்று கேட்ட பிறகே வாங்குங்கள்.

கிரியேட்டினின், பொட்டாசியம் முடிவு வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள், முன்கை எக்ஸ்-ரே எடுத்தால் அதன் படத்தையும். வலி மாத்திரையை விட்டு ஒரு வாரமாகியும் கால் வீக்கம் வடியவில்லை என்றால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நேரில் வாருங்கள்.